கேட் போட்டிருக்கு

தண்டையார்பேட்டையில் அந்தப் படம் வந்தபோது
பிளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட்.
ஜெனோவா, ரெஹானா, நான்.
யூனிஃபார்ம் மேல் ரெஹானா அக்காவின் துப்பட்டாக்கள்.
முன்வரிசை டிக்கெட்தான் கிடைத்தது,
கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தோம்.

முதல் பாதியில் ஒருத்தன் பின்னாலேயே போனான்.
பஸ் ஸ்டாப், டியூஷன், கோயில், அவள் வீட்டு மொட்டைமாடி.
கீபோர்டு வாசித்தார்கள்.
அவள் முகம் சுளித்தாள்,
அப்புறம் சுளிக்க மறந்துபோனாள்.
தியேட்டர் முழுக்க விசில்.

இரண்டாம் பாதியில் இன்னொருத்தன் போனான்.
அதே பஸ் ஸ்டாப். அதே டியூஷன்.
இவனுக்கு வயலின்.
ரெஹானா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்,
பாப்கார்ன் உப்பு போகாத விரல்களால்.

இன்னாடி வித்தியாசம் என்று கேட்டேன்.
மொதலாமவன் தாடிய ட்ரிம் பண்ணிக்கிறான் என்றாள் ஜெனோவா.
சிரித்துத் தொலைத்தோம்.
பின்னால் ஒருவர் ‘உஷ்’ என்றார்.

எனக்கு வந்தவனுக்கு இசையே இல்லை.
அதனால்தான் பதினோரு நாள் தெரியவில்லை.
கொருக்குப்பேட்டை கேட்டில் எப்போதும் பத்துப் பேர்,
கேட் போட்டால் அறுபது.
சரக்கு ரயில் தன் பாட்டுக்கு உருளும்.
டேங்கர்களை எண்ணுவது என் பழக்கம்:
ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று,
முன்னால் நிற்கும் பைக்கின் கண்ணாடியில்
நேற்றைய பச்சைச் சட்டை,
ஐம்பத்து நாலு.

ரீசார்ஜ் கடையில் மட்டும் சொன்ன நம்பருக்கு
அன்றிரவு வந்தது:
‘சாப்டியா’.

அம்மாவிடம் சொன்னால் டியூஷன் நின்றுவிடும்,
அவன் நிற்க மாட்டான்.
அண்ணனிடம் சொன்னால் அது வேறு படம்.
எங்க ஏரியா என்றாலே எடுப்பார்களே, அந்தப் படம்.
கத்தி, ஸ்டேஷன், வக்கீல் பீஸ், அம்மாவின் வளையல்.

ஒரு வியாழக்கிழமை
கேட் திறந்தும் நான் நகரவில்லை.
செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன்.
கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டுபோய்
எனக்கு முன்னால் போட்டது.

இப்போது முதுகு அவனுடையது.
நடந்தேன்.
பழைய இரும்புக் கடையில் ஒருமுறை திரும்பினான்.
கேரம் கிளப் வாசலில் இன்னொரு முறை.
நான் பதினைந்தடி தள்ளி, அவசரமில்லாமல்.
எழில் நகர்ச் சந்துக்குள் அவன் நடை மாறியது.
தோள் உள்ளே ஒடுங்கியது.
பை முதுகிலிருந்து மார்புக்கு வந்தது.
போனை எடுத்து
யாரிடமோ பேசுகிற மாதிரி பேசினான்.
எனக்குத் தெரிந்த நடை. என் நடை.

அப்போது எனக்குள் கீபோர்டு கேட்டது.
பிடித்திருந்தது.
இதை ஜெனோவாவிடம்கூடச் சொல்லவில்லை.

வாசலில் நீல டிரம்.
குடங்களை நகர்த்திக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.
‘டேய் கிளமெண்டு, யார்றா அந்தப் பொண்ணு?’

‘தெரியாதும்மா.’

இத்தனை நாளில் அவன் பேசி நான் கேட்ட முதல் பேச்சு.
பொய்யில்லை.

மூச்சு வாங்குதே, தண்ணி குடிக்கிறியாம்மா என்றாள்.
சொம்பு நிறையக் கொடுத்தாள்.
குளோரின் வாசனை.
அவன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான்,
கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது.
சொல்லியிருக்கலாம். முழுசும் குடித்துவிட்டு
தேங்க்ஸ் ஆண்ட்டி என்றேன்.

அப்புறம் அவன் வரவில்லை.
பச்சைச் சட்டை வருகிறது,
யார் யாரோ போட்டுக்கொண்டு.
அத்தனை பைக்கின் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத்தான்
ரயிலைப் பார்க்கிறேன்.

பார்ட் டூ வருதாம், போலாமா
என்று ரெஹானா மெசேஜ் போட்டிருக்கிறாள்.
பதில் எழுதவில்லை இன்னும்.
கேட் போட்டிருக்கு.
முப்பத்தொன்பது,
நாற்பது.